ஆங்கிலத்தின் எடுபிடி: ‘கெட்’ வினைச்சொல் ஓர் அறிமுகம்

பெங்களூருக்கு வேலைக்கு வந்து சேரும் நம் ஆட்களுக்கு ஆங்கிலத்தின் பெரிய சொற்கள் அவ்வளவாகத் தொல்லை கொடுப்பதில்லை. ‘இம்ப்ளிமென்ட்’, ‘எஸ்கலேஷன்’ எல்லாம் கொஞ்ச நாளிலேயே வாயில் வந்துவிடும். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், மனப்பாடம் செய்தால் தீர்ந்தது. திணறடிப்பவை சின்னச் சொற்கள்தான். அதிலும் ‘கெட்’.

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் “டிட் யூ கெட் மை மெயில்?” என்று ஒருவர் கேட்பார். மேலாளர் வந்து “லெட்ஸ் கெட் ஸ்டார்டட்” என்பார். மீட்டிங் நடுவில் ஒருவர் “ஐ டோன்ட் கெட் இட்” என்று முகத்தைச் சுளிப்பார். இன்னொருவர் “ஐ வில் கெட் இட் டன் பை ஈவ்னிங்” என்று வாக்குக் கொடுப்பார். மாலையில் எல்லோரும் “இட்ஸ் கெட்டிங் லேட்” என்று பையைத் தூக்குவார்கள். மெயில் வந்ததா, தொடங்கலாம், புரியவில்லை, முடித்துவிடுகிறேன், நேரமாகிறது. ஒரே சொல்தான், கடையில் இருக்கும் எடுபிடிப் பையனைப் போல யார் கூப்பிட்டாலும் எந்த வேலைக்கும் ஓடுகிறது.

அகராதியைப் புரட்டினால் பயம்தான் கூடும், பக்கம் பக்கமாகப் பொருள் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யப் போகாதீர்கள். ‘கெட்’ என்ற சொல்லையே முறைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ஒரு பொருளின் பெயரா, ‘லேட்’, ‘ரெடி’ போன்ற தன்மையா, இடமா, இன்னொரு வினையா? அது தெரிந்தால் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

உச்சரிப்பை முதலில் முடித்துவிடுவோம். ‘தங்கம்’ என்பதில் வரும் ‘க’ போல, அழுத்தமில்லாமல் சொல்ல வேண்டும். தமிழில் எழுதினால் கெட்டுப்போன பால் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். இறந்தகாலம் ‘காட்’. மூன்றாவது வடிவமும் பிரிட்டனிலும் நம் ஊர்ப் பாடப்புத்தகங்களிலும் ‘காட்’தான். அமெரிக்கர்கள் ‘காட்டன்’ என்பார்கள் (துணி அல்ல). அது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த புதுமை இல்லை, பழைய ஆங்கிலேயர் வழக்கு. பிரிட்டனில் வழக்கொழிந்தது, கடல் தாண்டிப் போனவர்களிடம் தங்கிவிட்டது. பிரிட்டனிலும் ‘ஃபர்காட்டன்’ இன்றுவரை இருக்கிறதே.

சொல்லின் பூர்வீகம் ஸ்காண்டிநேவியா. 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறிய வைக்கிங்குகளின் பேச்சில் இருந்த ‘கெட்டா’ என்ற சொல்தான் பிற்பாடு ஆங்கிலத்தில் ‘கெட்’ ஆனது. ‘டேக்’, ‘எக்’, ‘தே’ எல்லாம்கூட அந்த வழியில் வந்தவைதான். இன்னும் பின்னால் போனால் ‘கெட்’டும், லத்தீன் வழியாக வந்த ‘காம்ப்ரிஹெண்ட்’டும் ஒரே வேரில் போய் நிற்கின்றன. பிடித்தல் என்பதுதான் அந்த வேரின் கருத்து. பிடித்தல் எப்படிப் புரிதல் ஆகும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம். “கணக்கு இன்னும் பிடிபடவில்லை” என்று நாமும் சொல்கிறோம். “ஐ டோன்ட் கெட் இட்” என்பதும் அதேதான்.

‘கெட்’டின் எல்லா அர்த்தத்துக்கும் அடியில் ஓடுவது ஒரு மாற்றம். இல்லாதது வருகிறது, வேறாக இருந்தது இப்படி ஆகிறது, அங்கே இருந்தவர் இங்கே வந்து சேர்கிறார். ‘ஹேவ்’, ‘பீ’ ஆகிய வினைகள் நிலையைச் சொல்கின்றன, ‘கெட்’ அந்த நிலைக்கு வந்த கணத்தைச் சொல்கிறது. “ஐ ஹேவ் எ ஜாப்” என்றால் வேலை இருக்கிறது. “ஐ காட் எ ஜாப்” என்றால் வேலை கிடைத்தது. இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்தால் போதும், மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

பின்னால் பொருள் வந்தால்

“ஐ காட் எ லெட்டர்” – கடிதம் வந்தது. “ஐ காட் எ ஷர்ட் ஃப்ரம் கமர்ஷியல் ஸ்ட்ரீட்” – சட்டை வாங்கினேன். “ஐ காட் எ ஃபீவர்” – காய்ச்சல் வந்தது. “ஐ காட் எ சீட்” – உட்கார இடம் கிடைத்தது. தமிழில் வருவது, வாங்குவது, கிடைப்பது என்று தனித்தனி வினைகள், ஆங்கிலத்தில் ஒன்றே போதும்.

சிக்கல் அர்த்தத்தில் இல்லை, வாக்கிய அமைப்பில்தான். தமிழில் ‘எனக்குக் கிடைத்தது’, ‘எனக்கு வந்தது’ என்போம். வேலைதான் எழுவாய், நான் ‘கு’ உருபு போட்டுக்கொண்டு ஓரமாக நிற்பேன். கன்னடத்திலும் இதே கதை: “நனகெ கெலச சிக்து”. பெங்களூரில் பிறந்து வளர்ந்து இரண்டு மொழியும் பேசும் தமிழருக்கும் இதனால் இந்த இடத்தில் உதவி இல்லை. ஆங்கிலம் ஆளை முன்னால் இழுத்து நிறுத்துகிறது: “ஐ காட்”. தமிழ் அமைப்பிலேயே யோசிப்பவர்கள் “ஃபீவர் கேம் டு மீ”, “ஜாப் இஸ் காட் ஃபார் மீ” என்று சொல்லிவிடுகிறார்கள். ‘எனக்கு’ என்று தொடங்கி ‘கிடைத்தது’, ‘வந்தது’ என்று முடியும் வாக்கியம் மனதில் எழுந்தால், ‘எனக்கு’ என்பதை ‘ஐ’ ஆக்கி ‘காட்’ போட்டுப் பாருங்கள். பத்துக்கு எட்டு முறை சரியாக இருக்கும். மீதி இடங்களில் ‘ஃபீல்’, ‘ஹேவ்’ வரும். ‘எனக்குச் சந்தேகம் வந்தது’ என்பதற்கு “ஐ ஹேட் எ டவுட்” என்பதே இயல்பு. ‘எனக்குக் கனவு வந்தது’ என்றால் “ஐ ஹேட் எ ட்ரீம்”.

பின்னால் ஆளும் பொருளும் சேர்ந்து வந்தால் ‘கொண்டுவந்து கொடு’ அல்லது ‘வாங்கிக் கொடு’ என்றாகும். “ஐ காட் ஹெர் எ காபி” – அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தேன். ஆனால் “கெட் மீ எ காபி” என்று வெறுமனே சொன்னால் ஏவல் தொனிதான் கேட்கும். தமிழில் ‘வாங்கிட்டு வாங்களேன்’ என்பதில் இருக்கும் ‘ங்க’வும் ‘ளேன்’னும் ஆங்கிலத்தில் இல்லையே. அந்த மரியாதையை “குட் யூ கெட் மீ எ காபி?” என்று முன்னால் ஒட்ட வேண்டும்.

பின்னால் தன்மை வந்தால்: ‘ஆச்சு’ சூத்திரம்

இது எனக்குப் பிடித்த இடம். லேட் ஆச்சு, இருட்டாச்சு, ரெடியாச்சு, கல்யாணம் ஆச்சு. தமிழ்ப் பேச்சில் ‘ஆச்சு’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘கெட்’ உட்கார்ந்துகொள்ளும்: காட் லேட், காட் டார்க், காட் ரெடி, காட் மேரிட். கன்னடத்து ‘ஆய்து’ம் அப்படியே பொருந்தும்.

கோபம் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். ‘எனக்குக் கோபம் வந்தது’ என்பதில் கோபம் ஒரு பெயர்ச்சொல், ஆகவே “ஐ காட் ஆங்கர்” என்று வாய் போகிறது. ஆங்கிலத்தில் அங்கே தன்மைச்சொல் வேண்டும்: “ஐ காட் ஆங்க்ரி”. பசி, சோர்வு எல்லாவற்றுக்கும் இதே முறைதான்: காட் ஹங்ரி, காட் டயர்ட்.

கல்யாணத்தில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். “ஐ ஆம் மேரிட்” என்றால் இப்போது கல்யாணமானவர் என்ற நிலை. “ஐ காட் மேரிட் இன் 2019” என்றால் அந்த நிகழ்ச்சி. ஆண்டைச் சொல்லும்போது ‘காட்’ வந்தால்தான் நன்றாக இருக்கும். அப்புறம், யாரோடு என்று சொல்ல ‘வித்’ போடக் கூடாது. தமிழில் ‘அவரோடு கல்யாணம்’ என்பதால் ‘வித்’ தானாக வந்து விழும், ஆங்கிலத்தில் அது ‘டு’: “ஷி காட் மேரிட் டு எ டீச்சர்”.

‘ஆச்சு’ சூத்திரம் ஓர் இடத்தில் காலை வாரிவிடும். ‘அவன் டாக்டர் ஆயிட்டான்’ என்பதை “ஹி காட் எ டாக்டர்” என்று சொல்லிவிடாதீர்கள். பின்னால் வருவது தன்மை அல்ல, பெயர்ச்சொல். முதலில் பார்த்தோமே, பெயர்ச்சொல் வந்தால் ‘கிடைத்தது’ என்று பொருள். அவனுக்கு ஒரு டாக்டர் கிடைத்தார், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார்கள். இங்கே ‘பிகேம்’தான்: “ஹி பிகேம் எ டாக்டர்”. கெட்டுப்போன பாலுக்கும் ‘கெட்’ ஆகாது என்பது இன்னொரு வேடிக்கை. உணவு கெடுவதற்கு ‘கோ’ தான்: “த மில்க் ஹேஸ் கான் பேட்”.

பழகிக்கொள்வதும் இந்தக் குடும்பம்தான். “ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு த வெதர்” – இந்தக் குளிருக்குப் பழகிக்கொண்டு வருகிறேன். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து டிசம்பரில் வந்து இறங்கினால் இந்த வாக்கியம் உடனே தேவைப்படும். இதை “ஐ யூஸ்ட் டு” என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். “ஐ யூஸ்ட் டு டிரைவ்” என்றால் முன்பெல்லாம் வண்டி ஓட்டுவேன், இப்போது இல்லை. “ஐ காட் யூஸ்ட் டு டிரைவிங் இன் திஸ் டிராஃபிக்” என்றால் இந்த நெரிசலில் ஓட்டப் பழகிவிட்டேன். பின்னதில் வினை ‘இங்’ வடிவில் வர வேண்டும்.

பின்னால் இடம் வந்தால்

போய்ச் சேருவது. “ஐ காட் டு த ஆஃபீஸ் அட் டென்” – பத்து மணிக்கு ஆஃபீஸ் போய்ச் சேர்ந்தேன். ‘டு’ கட்டாயம். ஆனால் ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் ‘டு’ கிடையாது: “ஐ காட் ஹோம் லேட்”. ‘ரீச்’ என்றால் எந்த இடத்திலும் ‘டு’ வராது: “ஐ ரீச்ட் த ஆஃபீஸ்”. நம் ஆட்கள் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு “ரீச்ட் டு ஆஃபீஸ்” என்கிறார்கள்.

ஏறுவதும் இறங்குவதும் தமிழில் எல்லா வண்டிக்கும் ஒன்று. ஆங்கிலத்தில் வண்டியைப் பொறுத்து மாறும். உள்ளே எழுந்து நின்று நடக்கக்கூடிய பஸ், ரயில், மெட்ரோ, விமானம் எல்லாவற்றுக்கும் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. குனிந்து நுழைந்து உட்கார்ந்துகொள்ளும் கார், ஆட்டோ என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. மேலே ஏறி உட்காரும் பைக்கும் சைக்கிளும் மறுபடி ‘ஆன்’, ‘ஆஃப்’ பக்கம் போய்விடும். நம்ம மெட்ரோவில் வைத்துச் சொன்னால்: “ஐ காட் ஆன் அட் ஹலசூரு அண்ட் காட் ஆஃப் அட் மெஜஸ்டிக்”. பலகையில் ஹலசூரு என்று இருந்தாலும் நமக்கு அது அல்சூர்தான். ஊதா வழியிலிருந்து பச்சை வழிக்கு மாற மெஜஸ்டிக்கில்தான் இறங்க வேண்டும், ஆகவே “யூ ஹேவ் டு கெட் ஆஃப் அட் மெஜஸ்டிக்” என்ற வாக்கியம் இந்த ஊரில் அடிக்கடி காதில் விழும்.

இல்லை, காதில் விழுவது பெரும்பாலும் ‘கெட் டவுன்’தான். “வேர் ஷுட் ஐ கெட் டவுன்?” என்று இந்தியா முழுக்கக் கேட்கலாம். ‘இறங்கு’ என்பதிலேயே கீழே வரும் கருத்து இருப்பதால் நமக்கு இது இயல்பாக இருக்கிறது. லண்டன்காரருக்கு ‘கெட் டவுன்’ என்றால் மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ குதிரையிலிருந்தோ இறங்குவது, அல்லது ‘குனிந்துகொள்’ என்ற எச்சரிக்கை. இதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோடிக்கணக்கானவர்கள் சொல்லி, கோடிக்கணக்கானவர்களுக்குப் புரிகிற ஒன்று எப்படித் தவறாகும்? ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும்போதும் தேர்விலும் ‘கெட் ஆஃப்’ பாதுகாப்பு.

பின்னால் இன்னொரு வினை வந்தால்

இங்கேதான் பலரும் வழுக்குவது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

அல்சூரில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று வையுங்கள்.

“அக்கா, இந்த பிளவுஸ் எங்க தெச்சீங்க?”

“சிவாஜிநகர்ல தெச்சேன்மா.”

அக்கா ஊசியையே தொட்டிருக்க மாட்டார். தையல்காரரிடம் கொடுத்து வாங்கினார். தமிழில் ‘தைத்தேன்’, ‘முடி வெட்டினேன்’, ‘பல் பிடுங்கினேன்’ எல்லாமே நாம் செய்தாலும் அடுத்தவரை வைத்துச் செய்தாலும் ஒன்றுதான், கேட்பவர் சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் “ஐ ஸ்டிச்ட் மை பிளவுஸ்” என்றால் நானே மெஷினில் உட்கார்ந்து தைத்தேன் என்றுதான் அர்த்தம். “ஐ கட் மை ஹேர்” என்றால் கண்ணாடி முன் கத்தரிக்கோலோடு நின்றேன். “ஐ புல்ட் அவுட் மை டூத்” என்று சொன்னால் எதிரில் இருப்பவர் வெலவெலத்துப் போவார்.

அடுத்தவரை வைத்துச் செய்ததைச் சொல்ல ‘கெட்’ வேண்டும். வரிசை முக்கியம்: கெட், அப்புறம் பொருள், அப்புறம் வினையின் மூன்றாவது வடிவம். “ஐ காட் மை பிளவுஸ் ஸ்டிச்ட்.” “ஐ காட் மை ஹேர் கட்.” “ஐ நீட் டு கெட் மை ஃபோன் ரிப்பேர்ட்.” பொருளும் வினையும் இடம் மாறி “ஐ காட் கட் மை ஹேர்” ஆகிவிடக் கூடாது.

யார் செய்தார் என்று ஆளைச் சொல்ல வேண்டுமானால் அமைப்பு மாறும்: கெட், ஆள், ‘டு’, வினையின் முதல் வடிவம். “ஐ காட் த எலெக்ட்ரீஷியன் டு கம் ஆன் சண்டே.” இதில் ஒரு நயம் இருக்கிறது. கெஞ்சியோ பேசியோ எப்படியோ சம்மதிக்க வைத்தேன் என்ற வாசனை அடிக்கும். ‘மேக்’ போட்டால் கட்டாயப்படுத்தியது போல் ஆகும், அப்போது ‘டு’ வராது: “ஐ மேட் ஹிம் கம்”. ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியனை வரவைப்பதற்கு இந்த ஊரில் ‘காட்’தான் பொருத்தம், ‘மேட்’ நடக்காத காரியம்.

நமக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால்? “ஐ காட் ஸ்டக் அட் சில்க் போர்ட்” – சில்க் போர்டில் மாட்டிக்கொண்டேன். அந்தச் சந்திப்பின் நெரிசலைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். “மை ஃபோன் காட் ஸ்டோலன்” – ஃபோன் திருடுபோய்விட்டது. பள்ளியில் படித்த செயப்பாட்டு வினைதான், ‘வாஸ்’ இடத்தில் ‘காட்’. பேச்சில் இது உயிரோட்டமாக இருக்கும். போலீஸ் புகாரில் எழுதும்போது “மை ஃபோன் வாஸ் ஸ்டோலன்” என்று எழுதுவது நல்லது.

‘கெட்’டை ஒட்டியே ‘டு’வும் வினையும் வந்தால் வாய்ப்புக் கிடைத்தது என்று பொருள். “ஐ காட் டு சீ த லால்பாக் ஃபிளவர் ஷோ” – மலர்க் கண்காட்சியைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. இதிலிருந்து ‘கெட் டு நோ’வைத் தனியே எடுத்து வையுங்கள். அது ஒருவரோடு மெல்ல மெல்லப் பழகி அறிந்துகொள்வது. ஒரு செய்தி காதுக்கு எட்டியதற்கு “ஐ காட் டு நோ தட் யூ ஆர் லீவிங்” என்று நம் ஊரில் சொல்வது வழக்கம். வெளியூர்க் காதுக்கு அது ஒருமாதிரி ஒலிக்கும். “ஐ ஹேர்ட் தட் யூ ஆர் லீவிங்” போதும்.

‘ஹேவ் காட்’ என்ற விதிவிலக்கு

“ஐ ஹேவ் காட் எ பைக்” என்றால் என்னிடம் பைக் இருக்கிறது. வெறும் ‘ஹேவ்’ என்ன பொருளோ அதேதான், நிகழ்காலம்தான். இதை இறந்தகாலம் என்று எண்ணிக் குழம்புபவர்கள் நிறைய. “ஐ ஹேவ் காட் டு கோ” என்றால் நான் போயாக வேண்டும். பேச்சில் இது தேய்ந்து ‘காட்டா கோ’ என்று கேட்கும், எழுத்தில் அப்படி எழுத வேண்டாம். அமெரிக்கர்கள் இங்கே பிரித்துப் பேசுவார்கள்: இருப்பதற்கு ‘ஹேவ் காட்’, புதிதாகக் கிடைத்ததற்கு ‘ஹேவ் காட்டன்’. அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசுபவருக்கு இந்த வேறுபாடு பயன்படும், மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் விடலாம்.

அப்புறம் சின்னச் சின்ன ஒட்டுச் சொற்கள்: கெட் அப் என்றால் எழுந்திரு, கெட் அலாங் என்றால் ஒத்துப்போ. இப்படி நிறைய உண்டு, தேவைப்படும்போது ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளலாம். இரண்டை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அலுவலகத்தில் தினமும் உருள்பவை.

ஒன்று ‘கெட் ஓவர்’. “த மீட்டிங் காட் ஓவர்” என்று பெங்களூர் முழுக்கச் சொல்கிறோம், ‘முடிஞ்சிடுச்சு’ என்ற கருத்தில். ஆங்கிலேயருக்கு ‘கெட் ஓவர்’ என்றால் நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது: “ஷி ஹேஸ் காட் ஓவர் த ஃப்ளூ”. கூட்டத்துக்கு “த மீட்டிங் இஸ் ஓவர்” அல்லது “த மீட்டிங் எண்டட் அட் ஃபோர்” என்றால் எந்த நாட்டுக்காரருக்கும் புரியும்.

இன்னொன்று ‘கெட் பேக் டு’. “ஐ வில் கெட் பேக் டு யூ பை மண்டே” – திங்கட்கிழமைக்குள் பதில் சொல்கிறேன். இந்த இடத்தில் நம் அலுவலகங்களில் புழங்கும் “ஐ வில் ரிவர்ட்” இந்தியாவுக்கு வெளியே பலருக்கு விளங்காது, ‘பழைய நிலைக்குத் திரும்புகிறேன்’ என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். மெயிலில் ‘கெட் பேக்’ தாராளமாக எழுதலாம், மரியாதைக் குறைவு இல்லை. வேலைக்கு விண்ணப்பம், வங்கிக்குக் கடிதம் என்று வரும்போது மட்டும் ‘கெட்’டைக் குறைத்து ‘ரிசீவ்’, ‘பிகம்’, ‘ரிப்ளை’ என்று எழுதுங்கள். “ஐ காட் யுவர் லெட்டர்” நண்பருக்கு, “ஐ ஹேவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர்” வங்கி மேலாளருக்கு.